அட்டைக்கடி

பெயரை வைத்தது மழை.
அட்டுவம்பட்டி விடுதிக்கு ஏறும் குறுக்குப்பாதையில்
நாலு பேர் காலிலும் அட்டை.
உப்புத் தேடி ஓடியவள் நூருல் மட்டும்.
"கடிக்கிறது தெரியாதுடி, ரத்தம்தான் நிக்காது"
என்றாள் பிலோமினா.
குழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது.
பாட்டெல்லாம் அதற்கப்புறம்.

கிட்டார், வெளிநாட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில்
எவனோ ஊருக்குப் போகையில் விட்டுப்போனது.
கம்பி ஐந்து.
ஆறாவதைக் கேட்டு வத்தலக்குண்டு வரை இறங்கினோம்.
"வீணைக் கம்பி தரவா?" என்றார் கடைக்காரர்.
பெட்டிக்குள் பெயர் ஒட்டாத ஒரு கேசட்:
யாரோ யாரையோ திட்டுகிறார்கள்.
மொழி பாதி புரியவில்லை, கோபம் முழுக்கப் புரிந்தது.
ஒரு சோடா குடித்து முடிப்பதற்குள்
ஒரு பாட்டு முடிந்துவிடுகிறது.
இது நமக்கும் வரும் என்று
நாங்கள் நினைத்த முதல் விஷயம் அதுதான்.

கோகிலவாணி பாடினாள். பேர்தான் குயில்;
குரல், மூஞ்சிக்கல் மேட்டில்
கேரட் லாரி பின்னால் வருகிற சத்தம்.
எனக்கு மேளம்.
மாதா திருவிழாவுக்கு அடிக்கிற கோயில் டிரம்மைக்
கடன் வாங்கி, கடனாகவே வைத்துக்கொண்டேன்.
நூருலுக்கு வாத்தியமே இல்லை.
கணக்கு முதுகலை. எண்ணிக் கொடுப்பாள்.
ஒண்ணு, ரெண்டு, மூணு,
நாலு மட்டும் எப்போதும் முந்திக்கொண்டு வரும்.
அந்த அவசரத்தில்தான் இருந்தது எங்கள் இசை.

உருளைக்கிழங்கு கிட்டங்கியில் பழகினோம்.
வெந்நீர் வாளி ரெண்டு ரூபாய் என்று ஒரு பாட்டு.
வார்டன் கையெழுத்து என்று ஒரு பாட்டு.
'சீசன் வந்தா எங்க ஊரு உங்க ஊரு
சீசன் போனா குப்பை மட்டும் எங்க ஊரு'
இதற்கு மேல் வரி இல்லை, பதினாறு தடவை.

விலங்கியல் துறை விழாவில் முதல் மேடை.
மூன்றாவது பாட்டில் வார்டன் பெயர் வந்தது.
நாலாவதில் மைக் போனது.
கோகிலவாணிக்கு அது தெரியவே இல்லை.

திண்டுக்கல் போட்டியில் மூன்றாம் பரிசு.
கலந்துகொண்டவை மூன்று குழுக்கள்.
ஆளுக்கொரு டிபன் பாக்ஸ்.

மதுரையில், கல்யாண வீடியோவுக்கு
நாதஸ்வரம் ஒட்டுகிறவரிடம் பதிவு செய்தோம்.
"எக்கோ போடவாம்மா?"
வேண்டாம் என்றோம். போட்டுவிட்டார்.
கிணற்றுக்குள் விழுந்து சண்டை போடுகிறவர்களைப் போல
நூறு சிடி. விற்றது முப்பத்தொன்று,
அதில் ஒன்பது பிலோமினாவின் அண்ணன்.

பிறகு அந்தப் புத்தாண்டு இரவு.
ஏரிப்பக்கம் ஒரு ஓட்டல், எட்டாயிரம் ரூபாய்,
சினிமாப் பாட்டு மட்டும் என்றார்கள்.
பேருந்துக்குக் காசில்லாத மாதம். சரி என்றோம்.
ஒரு குழந்தை நாற்காலி மேல் ஏறி ஆடியது.
கோகிலவாணி குழைந்து பாடினாள்,
அவளுக்கு அப்படியொரு குரல் இருப்பதை
அன்றுதான் தெரிந்துகொண்டோம்.
நாலு, நாலாவது இடத்திலேயே விழுந்தது.
நன்றாக வாசித்தோம்.
அதுதான் பிரச்சினை.
இறங்கி வருகையில் பனியில் யாரும் பேசவில்லை.
அடுத்த வாரம் கிட்டங்கிச் சாவியை
யாரும் கேட்கவும் இல்லை.

நூருல் சார்ஜாவில்.
பிலோமினா முகவரி மாறிக்கொண்டே இருக்கிறாள்.
கோகிலவாணி வடுகபட்டியில் பூண்டு ஏலம் விடுகிறாள்.
சந்தை இரைச்சலுக்கு மேல், பழைய லாரி
பின்னால் வருவது கேட்கும் என்கிறார்கள்.
நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறேன்.
நாலாவது முத்திரை இன்னும் முந்தித்தான் விழுகிறது,
சில சான்றிதழில் கோபுரம் கோணல்.

மிச்ச சிடிகளை மன்னவனூரில் ஒரு பட்டாணி விவசாயிக்குக் கொடுத்தேன்.
வேலி நெடுக நூலில் தொங்கின.
வெயில் பட்டால் வயலே பல்லைக் காட்டும்.
ஒரு போகம் முழுக்க ஒரு குருவி அண்டவில்லை.
இவ்வளவு பேரை நாங்கள் வேறெங்கும் மிரட்டியதில்லை.

போன மாதம் பட்டா மாறுதலுக்கு வந்தவர்
மனுவை நீட்டிக்கொண்டே சொன்னார்:
"குருவிக்குப் பழகிருச்சும்மா.
அது மேலயே வந்து உக்காருது.
வேற ஏதாச்சும் இருக்கா?"